தேக்காவில் வாங்கிய மஞ்சள் மாத்திரையும் முதுமையை ஆராயும் சங்கங்களும்

கேள்வி: 2024 ஆகஸ்ட் 11, மாலை
சிங்கப்பூர், பிடோக்கிலிருந்து ஒரு வாசகர்

அப்பாவுக்கு வயது 74. தேக்கா பக்கம் ஒரு கடையில் மஞ்சள் சத்து மாத்திரை ஒரு டப்பா 88 வெள்ளி கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். முதுமையைத் தள்ளிப்போடுமாம். அமெரிக்காவில் முதுமை ஆராய்ச்சிச் சங்கமே ஒப்புக்கொண்டது என்று கடைக்காரர் சொன்னாராம். அப்படி ஒரு சங்கம் உண்மையிலேயே இருக்கிறதா? இருந்தால் அவர்களுக்கு என்ன வேலை? வயதாவது எல்லோருக்கும் நடப்பதுதானே, அதில் ஆராய என்ன இருக்கிறது?

2024 ஆகஸ்ட் 11, இரவு 10.40

சங்கம் இருக்கிறது, தம்பி. ஒன்றல்ல, பல. ஆனால் மாத்திரை டப்பாவுக்கு முத்திரை குத்திக் கொடுப்பது அவற்றின் வேலை இல்லை.

அதைவிட அவசரமான விஷயம்: அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாதிரி ஏதாவது சாப்பிடுகிறாரா? குழம்பில் மஞ்சள் போடுவது வேறு, அதன் சத்தைப் பிரித்து மாத்திரையாக விழுங்குவது வேறு. அந்த மருந்தோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு கூடலாம். டப்பாவை அப்படியே எடுத்துப்போய் பலதுறை மருந்தகத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். மற்றதை நாளைக்கு எழுதுகிறேன்.

2024 ஆகஸ்ட் 12

நான் 31 ஆண்டுகள் மருத்துவமனை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு முதுமை பற்றிய பொதுக்கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினேன். காரணம் அம்மா. அவருக்கு இப்போது 87. ஈசூனில் என்னோடு இருக்கிறார்.

"ஆராய என்ன இருக்கிறது" என்ற கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அம்மாவும் சின்னம்மாவும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள், இரண்டு வயது வித்தியாசம். இரண்டு பேருமே கல்யாணமாகி செம்பவாங் கடற்படைத் தளத்துக் குடியிருப்புக்கு வந்தவர்கள். ஒரே சாப்பாடு, ஒரே குழாய்த் தண்ணீர். சின்னம்மா 70 வயதில் படுக்கையில் விழுந்தார். அம்மா 80 வரைக்கும் ஈரச்சந்தைக்கு நடந்து போய் மீன் பேரம் பேசினார். ஏன்? "விதி" என்று சொல்லி விட்டுவிடலாம். அப்படி விடக்கூடாது என்று நினைத்தவர்கள் கூடித்தான் அந்தச் சங்கங்களைத் தொடங்கினார்கள்.

அமெரிக்க முதுமையியல் சங்கம் 1945-ல் தொடங்கியது. அடுத்த ஆண்டே, 1946-ல், சொந்தமாக ஓர் ஆய்விதழ். உயிரியலாளர், டாக்டர், உளவியலாளர், சமூக ஆய்வாளர் எல்லோரையும் ஒரே கூரையின் கீழ் உட்கார வைத்ததுதான் அதில் எனக்குப் பிடித்தது. எலும்பைப் பார்க்கிறவர் எலும்போடு நின்றுவிடுவார். அந்த எலும்புக்குச் சொந்தக்காரர் தனியாக இருக்கிறாரா, யார் சமைத்துத் தருகிறார்கள் என்று கேட்க இன்னொருவர் வேண்டும். 1950-ல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் பல நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து ஓர் உலகக் கூட்டமைப்பை உருவாக்கின.

1970-ல் அமெரிக்காவில் இன்னொரு சங்கம் வந்தது. தொடங்கியவர் டென்ஹாம் ஹார்மன். ஷெல் எண்ணெய் நிறுவனத்தில் வேதியியலாளராக இருந்து, பிறகு மருத்துவம் படித்தவர். உடலுக்குள் உண்டாகும் கட்டற்ற மூலக்கூறுகள் (ஃப்ரீ ராடிக்கல்) செல்களை அரிப்பதால்தான் மூப்பு வருகிறது என்று 1956-ல் எழுதினார். இன்று கடைகளில் அவற்றை அடக்கும் "ஆன்ட்டி ஆக்ஸிடன்ட்" என்று எழுதி விற்கும் பாதிப் பொருள்களின் வேர் அந்தக் கட்டுரைதான். அந்தக் கருத்தை அப்படியே இப்போது யாரும் ஏற்பதில்லை. ஆனால் மூப்பின் அடிப்படையைச் சோதித்துப் பார்க்கலாம் என்ற எண்ணத்தை அவர் கொடுத்தார். அவரே 98 வயது வரை வாழ்ந்தார்.

சிங்கப்பூரிலும் 1980களிலிருந்து முதுமையியல் சங்கம் இருக்கிறது. முதியோர் நல டாக்டர்களுக்குத் தனியாக ஒரு சங்கமும் உண்டு.

2024 ஆகஸ்ட் 12, கொஞ்ச நேரம் கழித்து

ஒன்றை விட்டுவிட்டேன். பால்டிமோரில் 1958-ல் நேதன் ஷாக் என்பவர் தலைமையில் ஒரு தொடர் ஆய்வு ஆரம்பமானது. அதே ஆட்களைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டு, ஆண்டுக்கணக்கில் அளந்து பார்ப்பது. அதில் தெரிந்த பெரிய உண்மை, எல்லோரும் ஒரே வேகத்தில் மூப்படைவதில்லை என்பது. ஒரே ஆளுக்குள்ளேயே சிறுநீரகம் ஒரு வேகம், இதயம் ஒரு வேகம். அம்மா, சின்னம்மா கேள்விக்கு அங்கேதான் பதில் தொடங்குகிறது.

ஆனால் பாருங்கள், அந்த ஆய்வில் முதல் 20 ஆண்டுகள் ஆண்கள் மட்டும்தான். பெண்களைச் சேர்த்தது 1978-ல். "இயல்பான மூப்பு" என்று அதுவரை எழுதியதெல்லாம் ஆண்களுடைய மூப்பு. யார் உள்ளே வருகிறார்களோ அவர்களைப் பற்றித்தான் விஞ்ஞானத்துக்குத் தெரியும். இது எனக்கு மனதில் பதிந்துபோன விஷயம். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

2024 ஆகஸ்ட் 15

மஞ்சளுக்கு வருகிறேன். உங்கள் அப்பாவிடம் கடைக்காரர் சொன்னது முழுக்கக் காற்றில் பிடித்த கதை இல்லை. அதற்கு ஒரு மூலம் இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே.

சிங்கப்பூர் மூப்படைதல் தொடர் ஆய்வு என்று 2003-ல் தொடங்கிய ஒன்று. தேசியப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் நடத்தியது. அதிலிருந்து 60 முதல் 93 வயது வரையிலான 1,010 பேருடைய விவரத்தை எடுத்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கறி எவ்வளவு அடிக்கடி சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, ஞாபகமும் சிந்தனையும் எப்படி என்று 30 மதிப்பெண் சோதனையில் பார்த்தார்கள். அவ்வப்போதோ அடிக்கடியோ கறி சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள். இங்கே கறி என்றால் மஞ்சள் போட்ட கறி.

நம்மவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சீன நண்பர்கள் என் டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்த்தது நினைவிருக்கிறது.

ஆனால் அது ஒரே நேரத்தில் எடுத்த புகைப்படம் மாதிரியான ஆய்வு. கறி சாப்பிட்டதால் ஞாபகம் நன்றாக இருந்ததா? ஞாபகம் நன்றாக இருப்பவர்கள் வெளியே போய், நண்பர்களோடு உட்கார்ந்து, விதவிதமாகச் சாப்பிட்டார்களா? அதைப் புகைப்படத்தை வைத்துச் சொல்ல முடியாது. எழுதியவர்களே மேலும் ஆய்வு செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

அப்புறம் நடந்ததைக் கடைக்காரர்கள் சொல்ல மாட்டார்கள். அமெரிக்காவின் தேசிய முதுமை நிறுவனம் எலிகளை வைத்து ஒரு பெரிய சோதனைத் திட்டம் நடத்துகிறது. மூன்று வேறு வேறு இடங்களில், ஒரே முறையில், ஒரே நேரத்தில். ஓரிடத்தில் தப்பு நடந்தால் மற்ற இரண்டு காட்டிக்கொடுத்துவிடும். மஞ்சளின் சத்தான குர்குமினை அங்கே கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. எலிகளின் ஆயுள் கூடவில்லை.

இதே திட்டத்தில் 2009-ல் ராபமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளைக் கூட்டியது. மனிதக் கணக்கில் ஏறக்குறைய 60 வயதான எலிகளுக்குக் கொடுக்கத் தொடங்கியும் கூட்டியது. அது உறுப்பு மாற்றுச் சிகிச்சையில் எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் கடுமையான மருந்து. யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நான் சொல்ல வந்தது இதுதான்: "கூடியது" என்பதையும் அச்சிட்டார்கள், "கூடவில்லை" என்பதையும் அச்சிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எனக்கு அந்த இரண்டாவதன் அருமை தெரியும். ஒன்றும் வராத முடிவை எழுதி, சக ஆய்வாளர்கள் முன்னால் வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும். சங்கமும் அதன் இதழும் மாநாடும் அந்த இடம்.

2024 ஆகஸ்ட் 17

லியோனார்ட் ஹேஃப்லிக் இந்த மாதம் 1-ம் தேதி காலமானார். வயது 96. மனித செல்களை வளர்த்தால் அவை என்றென்றும் பிரிந்துகொண்டே இருக்கும் என்று உலகம் நம்பிய காலத்தில், ஏறக்குறைய 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுகின்றன என்று 1961-ல் காட்டியவர். பின்னாளில் அமெரிக்க முதுமையியல் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் அவரிடம் இருக்கிறது. 2002-ல் அவரும் இன்னும் இருவரும் ஓர் அறிக்கை எழுதினார்கள். 51 விஞ்ஞானிகள் அதில் சேர்ந்துகொண்டார்கள். சந்தையில் விற்கும் எந்தப் பொருளும் மனித மூப்பை மெதுவாக்கியதாகவோ நிறுத்தியதாகவோ நிரூபிக்கப்படவில்லை என்பதுதான் சாரம். "முதுமை ஆராய்ச்சியாளர்கள் ஒப்புக்கொண்டது" என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒப்புக்கொண்டது இதைத்தான் என்று சொல்லுங்கள்.

2024 ஆகஸ்ட் 18

பிடோக் தம்பி எழுதியிருக்கிறார்: அப்பா வார்ஃபரின் எடுப்பதில்லை, ஆனால் மாத்திரையை நிறுத்தவும் மனமில்லை, 88 வெள்ளி போட்டாயிற்றே என்கிறார். அவர் மனது எனக்குப் புரிகிறது. பணம் போனதைவிட, இன்னும் கொஞ்ச காலம் தெம்பாக இருக்கலாம் என்ற ஆசை போவதுதான் வலிக்கும். டாக்டரிடம் காட்டுவதை மட்டும் விடாதீர்கள்.

2024 ஆகஸ்ட் 25

யார் உள்ளே வருகிறார்கள் என்று முன்னால் சொன்னேன் அல்லவா. அம்மா கதையைச் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு ஒரு முதுமை ஆய்வுக்காக ஆள் எடுக்க வந்தார்கள். எந்த ஆய்வு என்பது இங்கே வேண்டாம். அம்மா சம்மதித்தார். வந்த பெண் நல்ல பெண், ஆங்கிலமும் மாண்டரினும் தெரிந்தவர். அம்மாவுக்குத் தமிழும், சந்தையில் பேசும் பாசார் மலாயும்தான். நான் மொழிபெயர்த்தேன்.

மூன்று பொருள்களின் பெயரைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதில் ஒன்று சாவி. எனக்குப் பதற்றம், நல்ல தமிழில் சொல்ல வேண்டுமே என்று "திறவுகோல்" என்று சொல்லிவிட்டேன். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது அம்மா "சாவி" என்றார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தார். சரியா தப்பா? பொருள் ஒன்றுதான். ஆனால் சோதனை சொல்லுக்குத்தானே.

இப்போது என்ன மாதம் என்று கேட்டார். அம்மா, "ஆடி பொறந்து மூணு நாளாச்சு." தாளில் ஜூலை என்று எதிர்பார்த்தார்கள். அம்மா சொன்னது மாதம் மட்டுமல்ல, நாளும் சரி. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னபோது அம்மா திணறினார். "நூறு வெள்ளி குடுத்து ஏழு வெள்ளிக்கு மீன் வாங்கினா" என்று நான் ஆரம்பித்ததும் சரசரவென்று சொன்னார். அப்படிக் கேட்கலாமா கூடாதா என்று அந்தப் பெண்ணுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்களை யாரும் சரியாகக் கணக்கெடுப்பதில்லை என்று தோன்றியது. அந்த 2003 ஆய்விலும் வந்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். கறி பற்றிய முடிவைக்கூடக் கறியோடு பிறந்தவர்களை வைத்து எடுக்கவில்லை.

2024 ஆகஸ்ட் 26

தம்பி, அதாவது என் சொந்தத் தம்பி, நேற்று எழுதியதைப் படித்துவிட்டு போன் செய்தான். அன்று அவனும் வீட்டில் இருந்தான். "அக்கா, அந்தப் பொண்ணு ஆடிக்கு சரின்னுதான் போட்டுச்சு. நீதான் மீன் கணக்கச் சொல்லி அம்மாவுக்கு எடுத்துக் குடுத்த" என்றான்.

யோசித்துப் பார்த்தேன். அவன் சொல்வது நியாயம். பெற்ற தாய் பரீட்சை எழுதும்போது மகள் பக்கத்தில் உட்கார்ந்தால் பாஸ் போட வைக்கத்தான் பார்ப்பாள். திறவுகோல் தப்பும் என் தப்பு, மீன் உதவியும் என் தப்பு. குடும்பத்தாரை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்பதுதான் நான் எழுதியிருக்க வேண்டியது.

2024 செப்டம்பர் 1

"சரி, சங்கத்தால் சாதாரண மனிதருக்கு என்ன பயன்? ஒரு உதாரணம் சொல்லுங்கள்" என்று உட்லண்ட்ஸிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்.

கைப்பிடி அளவு.

வயதாகும்போது தசை கரையும். எவ்வளவு கரைந்தால் ஆபத்து? அதற்கு ஓர் எல்லைக்கோடு வேண்டும். ஐரோப்பியச் சங்கங்களிலிருந்து வந்த நிபுணர்கள் 2010-ல் கூடி ஒரு கோடு போட்டார்கள். ஆனால் அது ஐரோப்பிய உடல்வாகு. ஆசிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து 2014-ல் நமக்கென்று ஒரு கோடு போட்டு, 2019-ல் திருத்தினார்கள். கையால் ஒரு கருவியை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஆண்களுக்கு 28 கிலோவுக்குக் கீழே, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே போனால் பலவீனம். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனாலும் கவனிக்க வேண்டும். கருவி இல்லாவிட்டால் கெண்டைக்காலை அளக்கலாம்: சுற்றளவு ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் குறைவாக இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தையல் நாடா போதும்.

அம்மாவுக்குக் கைப்பிடி 14 கிலோ வந்தது. ஆட்டுக்கல்லில் 40 ஆண்டு மாவரைத்த கை.

2024 செப்டம்பர் 3

அம்மாவின் மருத்துவக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். 14 இல்லை, 16.5. இது சின்னத் திருத்தம் என்று விட முடியாது. காரணம், ஐரோப்பியர்களும் தங்கள் கோட்டை அதே காலத்தில் திருத்தினார்கள். பெண்களுக்கு 16 கிலோ என்று ஆக்கினார்கள். அந்தக் கோட்டை வைத்துப் பார்த்திருந்தால் அம்மா "பரவாயில்லை" என்ற பக்கம் விழுந்திருப்பார். ஆசியக் கோட்டின்படி பலவீனம். அதனால்தான் இயன்மருத்துவரிடம் அனுப்பினார்கள்.

இப்போது அம்மா தொலைக்காட்சித் தொடரில் விளம்பரம் வரும்போதெல்லாம் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்கிறார். ஐந்து முறை எழ 19 விநாடி எடுத்தது 14-க்கு வந்திருக்கிறது. தினமும் ஒரு முட்டை, மதியம் கெட்டிப் பருப்பு. மாத்திரை எதுவும் இல்லை.

ஒரு கூட்ட அறையில் எந்த எண்ணை எழுதுவது என்று வாதாடிய ஆட்களுக்கும், என் வீட்டு நாற்காலிக்கும் இருக்கிற தொடர்பு இது. அவர்களில் ஒருவரையும் எனக்குத் தெரியாது. நன்றி சொல்லத் தோன்றுகிறது.

2024 செப்டம்பர் 9

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். "நரை திரை மூப்பு" என்று அம்மா சொன்னதைக் கேட்டுப் பேரன் கேட்டான், "பாட்டி, திரைன்னா ஸ்கிரீனா?" அம்மா தன் முழங்கைத் தோலைக் கிள்ளி இழுத்துக் காட்டினார். "இதான்டா திரை." அவன் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

நரை நிறத்தின் மாற்றம், திரை தோலின் மாற்றம், மூப்பு முழு உடம்பின் மாற்றம். மூன்றையும் பிரித்துப் பெயர் வைத்திருக்கிறோம். தள்ளாமை என்று இன்னொரு சொல் உண்டு, இன்று டாக்டர்கள் தனி நிலையாகப் பார்க்கும் தளர்ச்சிக்கு மிகவும் பொருத்தமான சொல். நடை மெதுவாவது, கைப்பிடி தளர்வது, எடை தானாகக் குறைவது, சீக்கிரம் களைப்பது, நடமாட்டம் குறைவது. இந்த ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி என்று 2001-ல் லிண்டா ஃபிரைட் குழுவினர் வரையறுத்தார்கள். எங்கள் ஆயா இதைத் "தள்ளல" என்ற ஒரே சொல்லில் சொல்லுவார்.

2024 செப்டம்பர் 22

ஆகஸ்ட் 25-ல் எழுதியதைப் பெரிதாகத் திருத்த வேண்டும். மனநலத் துறையில் தாதியாக இருக்கும் ஓர் அக்கா எழுதினார். "எங்களை யாரும் கணக்கெடுப்பதில்லை என்று எழுதிவிட்டாய், அது தவறு" என்றார்.

அவர் சொல்வது சரி. சிங்கப்பூர் மனநலக் கழகம் 2013-ல் நடத்தி முடித்த முதியோர் நல்வாழ்வு ஆய்வில் 60 வயதுக்கு மேற்பட்ட 2,565 பேர். நம் மக்கள்தொகைப் பங்குக்கு விட்டால் இந்தியர்களும் மலாய்க்காரர்களும் கொஞ்சம் பேர்தான் வருவார்கள் என்று, வேண்டுமென்றே கூடுதலாகச் சேர்த்தார்கள். தமிழிலும் பேட்டி எடுத்தார்கள். அதில் பத்தில் ஒருவருக்கு முதுமை மறதி நோய் என்று தெரிந்தது. 2023-ல் திரும்பச் செய்தார்கள், முடிவு இந்த மாதம்தான் வந்தது: 8.8 விழுக்காடு. குறைந்திருக்கிறது!

இதற்கும் முன்னால், 2007 முதல் 2009 வரை கண் ஆய்வுக் கழகம் இந்தியர்களை மட்டும் வைத்து 3,400 பேரைப் பரிசோதித்தது. நீரிழிவு கண்ணை என்ன செய்கிறது என்பது நம் சமூகத்துக்கு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இதைப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மனநலக் கழக ஆய்வு பயன்படுத்திய சோதனை முறை, பத்துக்கு அறுபத்தாறு என்ற ஆய்வுக் குழுவினுடையது. மறதி நோய் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 விழுக்காடு, வளரும் நாடுகளில் இருக்கிறார்கள். ஆனால் ஆய்வில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியது இல்லை. அதுதான் பெயர்க்காரணம். அந்தக் குழு பிறந்தது 1998-ல், கொச்சியில், அல்சைமர் சங்கங்களின் பன்னாட்டு மாநாட்டில். பிறகு சென்னையிலும் வேலூரிலும் வேலை செய்தார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களையும் படிப்பு குறைந்தவர்களையும் தவறாக மறதி நோயாளி என்று முத்திரை குத்தாத சோதனை வேண்டும் என்பது அவர்கள் எடுத்துக்கொண்ட பாடு. ஆடி மாதம் என்று பதில் சொல்லும் பாட்டிகளை யோசித்த ஆட்கள் இருந்திருக்கிறார்கள். எனக்குத்தான் தெரியவில்லை.

சென்னை என்றதும் டாக்டர் வ.செ. நடராசனைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரசு பொது மருத்துவமனையில் 1978-ல் முதியோருக்கென்று தனிப்பிரிவு தொடங்கக் காரணமாக இருந்தவர். தமிழிலேயே முதியோர் மருத்துவத்தை எழுதியும் பேசியும் வருகிறவர்.

2024 செப்டம்பர் 24

உட்லண்ட்ஸ்காரர்: "ஆய்வு ஆய்வு என்கிறீர்கள். படுக்கையில் கிடப்பவரை அது எழுப்புமா?"

எழுப்பியிருக்கிறது. 1935-ல் லண்டனின் வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் மார்ஜரி வாரன் என்ற டாக்டரிடம், பக்கத்து ஏழை விடுதி மருத்துவமனையின் 700-க்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சேர்த்து ஒப்படைத்தார்கள். பலர் கிழடு தட்டியவர்கள், இனி எழ மாட்டார்கள் என்று படுக்க வைக்கப்பட்டவர்கள். அவர் செய்தது, ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். பக்கவாதம் யாருக்கு, மூட்டு வலி யாருக்கு, வெறுமனே படுக்கையிலேயே விடப்பட்டதால் கால் முடங்கியவர் யார் என்று பிரித்தார். எழுப்பி உட்கார வைத்தார், நடக்கப் பழக்கினார். பலர் வீட்டுக்குப் போனார்கள்.

அவர் ஒரு மருத்துவமனையில் செய்ததோடு போயிருந்தால் அது ஒரு நல்ல டாக்டரின் கதையாக முடிந்திருக்கும். எழுதினார், மற்றவர்களுக்குச் சொன்னார். 1947-ல் அவரும் சில டாக்டர்களும் சேர்ந்து முதியோர் மருத்துவத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள், இன்றைய பிரிட்டிஷ் முதியோர் மருத்துவச் சங்கம் அதுதான்.

எங்கள் சின்னம்மா இடுப்பு எலும்பு முறிந்து, தைத்து, வீட்டுக்கு வந்த பிறகு அவரை யாரும் எழுப்பவில்லை. நாங்கள்தான் எழுப்பவில்லை. விழுந்துவிடுவாரோ என்று பயம். படுத்துக்கங்க, நாங்க பாத்துக்கறோம் என்று சொல்லிச் சொல்லியே பதினொரு ஆண்டு. பாசம் என்று நினைத்துச் செய்தோம். வாரன் அந்தக் காலத்திலேயே கண்டது எங்களுக்கு அப்போதும் வந்து சேரவில்லை. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. இன்றைக்கு இதற்கு மேல் வேண்டாம்.

2024 அக்டோபர் 6

நிறையப் பேர் சின்னம்மாவைப் பற்றி ஆறுதலாக எழுதியிருந்தீர்கள். நன்றி.

கேட்டவர்களுக்காக: போலிச் சங்கத்தையும் உண்மைச் சங்கத்தையும் எப்படிப் பிரித்துப் பார்ப்பது? நான் பார்ப்பது இரண்டு. தங்கள் உறுப்பினருடைய கருத்தையே மறுத்து அவர்கள் இதழில் கட்டுரை வருகிறதா? கூட்டத்துக்குப் போனால் வெளியே வரும்போது கையில் எதையாவது விற்கிறார்களா? முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றால் உட்காரலாம்.

2024 நவம்பர் 3

தீபாவளி முடிந்து இப்போதுதான் உட்கார நேரம் கிடைத்தது. பிடோக் தம்பியின் அப்பா மாத்திரையை நிறுத்திவிட்டாராம். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை, கெண்டைக்காலைத் தையல் நாடாவால் அளந்தபோது 32 சென்டிமீட்டர் வந்ததாம், அதைப் பார்த்ததும் டப்பாவை மேலே தூக்கி வைத்துவிட்டார். இப்போது புளோக்குக்குப் பக்கத்தில் இருக்கும் துடிப்பாக மூப்படையும் நிலையத்தில் செவ்வாய்க்கிழமை உடற்பயிற்சிக்குப் போகிறார். வெள்ளி திரும்பக் கிடைக்கவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு செய்தி. அம்மாவைப் பேட்டி எடுத்த ஆய்வுக்காரர்கள் அடுத்த சுற்றுக்கு வரலாமா என்று கூப்பிட்டார்கள். வரலாம், ஆனால் தமிழ் பேசும் ஆள் வேண்டும், நான் அறையில் இருக்க மாட்டேன் என்று சொன்னேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, அனுப்புகிறோம் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை காலை 10 மணி. நான் அந்த நேரத்தில் சந்தைக்குப் போய்விடுவேன்.

அம்மா இப்போதே அரக்கு நிறச் சேலையை எடுத்து வெளியே வைத்துவிட்டார். "ஐப்பசின்னு சொல்லணுமா, நவம்பர்னு சொல்லணுமா?" என்று கேட்கிறார். தோன்றுவதைச் சொல்லுங்கள் அம்மா என்றேன்.